பறவைக்கு உணவிடுவோரும் நுரையீரல் நலமும்



பறவைக்கு ஒரு பிடி தானியம் இடுவது நம் நாட்டின் பழைய அறங்களுள் ஒன்று. உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு கவளம் சோறு வைப்பது தென்னாட்டு வழக்கம். குஜராத்திலே ஊர் நடுவில் தூண் நிறுத்தி, அதன்மேல் சிறு மாடம் கட்டிப் பறவைகளுக்கென்றே விட்டிருக்கிறார்கள். அதற்குச் சபூத்ரா என்று பெயர். மும்பையில் புறாக்களுக்குத் தானியம் தூவுவதற்கென ஏற்பட்ட இடங்களைக் கபூதர்கானா என்கிறார்கள். தில்லியில் நாற்சந்திகளின் ஓரத்திலே காலை வேளையில் சோளமும் கம்பும் விற்பவர் அமர்ந்திருப்பார். அலுவலகம் செல்வோர் வாங்கித் தூவிவிட்டுப் போவார்கள். புறாவைக் காக்கத் தன் தசையையே அரிந்து கொடுத்த சிபியின் கதையைக் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். ஆகையால் இந்த அறத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நுரையீரலில் நாட்பட்ட நோய் உடையவர்கள் இதனைச் செய்யலாமா, செய்வதாயின் எவ்வாறு செய்யவேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நகரங்களில் பறவைக்கு உணவு வைப்போருள் பெரும்பாலோர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட பின் தனித்திருக்கும் தாய், அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்தில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் முதியவர் ஆகியோரே மிகுதி. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோய் ஆறிய பின்னும் தங்கிவிட்ட தழும்புகள் முதலியன காணப்படுவதும் இவர்களிடத்தில்தான். மருத்துவர் ஒருநாள், "பறவைகளை விட்டுவிடுங்கள்" என்று சொல்லும்போது, "இருக்கிற ஒரு துணையும் போகவேண்டுமா?" என்று அவர்கள் மனம் கேட்கிறது. அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு "ஆம்" என்றோ "இல்லை" என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. நோய் எது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

முதலில் தீங்கு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பறவை சிறகை அடித்துக்கொண்டு எழும்போது, வெயிற்கதிரில் மாவு போன்ற ஒரு நுண்பொடி மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். புறாவிடத்தில் இது மிகுதி. இறகுகளை நீர் ஒட்டாமல் காக்கும் இப்பொடியின் துகள்கள் மிக நுண்ணியவை. மூக்கின் மயிரும் தொண்டையின் ஈரமும் பெரிய தூசியைத் தடுத்துவிடுகின்றன. ஆனால் ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அக்காவலைக் கடந்து, நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள காற்று நுண்ணறைகள் வரை செல்ல வல்லவை. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்பொடியிலும், காய்ந்து தூளாகும் எச்சத்திலும், பறவையின் உடலிலிருந்து வந்த புரதங்கள் இருக்கின்றன. சிலருடைய உடல் இப்புரதங்களைப் பகையென்று கருதிப் போர் தொடுக்கிறது. அந்தப் போர் நடக்கும் களம் நுரையீரலே.

இதனை மருத்துவர்கள் மிகையுணர்வு நுரையீரல் அழற்சி என்பர். புறா வளர்ப்போரிடம் இந்நோய் காணப்படுவதை 1965-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் விளக்கி எழுதினர். அதுமுதல் "புறா வளர்ப்போர் நுரையீரல் நோய்" என்ற பெயரும் வழங்கி வருகிறது. இஃது இரண்டு வகையாகத் தோன்றும். ஒரேயடியாக மிகுந்த தூசியைச் சுவாசித்தவருக்கு, நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் குளிர், காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஆகியவை உண்டாகி, ஓரிரு நாளில் தணிந்துவிடும். அவர் அதனைச் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ணி மறந்துவிடுவார். மற்றொரு வகை இதைவிடக் கொடியது. நாள்தோறும் சிறிது சிறிதாகத் தூசி உட்செல்லும், ஆரவாரம் ஒன்றும் இராது, வறட்டு இருமல் இருக்கும், படியேறும்போது மூச்சு வாங்கும், உடல் இளைக்கும். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சொல்லுவார்கள். சில ஆண்டுகளில் நுரையீரல் தழும்பேறித் தடித்துவிடும். அவ்வாறு ஏற்பட்ட தழும்பை எந்த மருந்தாலும் முற்றிலும் நீக்க முடியாது.

இது மேனாட்டு நோய், நமக்கு அரிது என்று எண்ணவேண்டாம். நுரையீரல் திசுவைப் பாதிக்கும் நோய்கள் பற்றி இந்தியாவின் 19 நகரங்களில் 27 மருத்துவ நிலையங்கள் சேர்ந்து ஒரு பதிவேடு தொகுத்தன. அதன் முடிவு 2017-இல் வெளியாயிற்று. அதில் இடம்பெற்ற 1,084 நோயாளிகளுள் 513 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 47 பேருக்கு, இருந்தது இந்த மிகையுணர்வு அழற்சியே. அவர்கள் சுவாசித்த பொருள்களுள் பறவைத் தூசியும் ஒன்று. ஆனால் அதனினும் மிகுதியாகக் காணப்பட்டது நீர்க்குளிரூட்டி, அதாவது வடநாட்டு வீடுகளில் கோடையில் ஓடும் கூலர். ஈரமான அதன் தட்டிகளில் பூஞ்சை வளர்கிறது. அந்தக் கூலரின் தலைமேல் புறாவும் கூடு கட்டியிருந்தால், இரு தீமைகளும் ஒரே சாளரத்தின் வழியே அறைக்குள் வந்து சேரும்.

ஒவ்வாமையேயன்றித் தொற்றும் உண்டு. புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை செழித்து வளரும். உடல் வலிமையுடையவரை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் மூச்சு நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்பவருக்கு நோய் எதிர்ப்பு குறைந்திருப்பதால் ஆபத்தாக முடியலாம். கிளி முதலிய பறவைகளிடமிருந்து சிட்டாக்கோசிஸ் என்னும் நிமோனியாக் காய்ச்சல் பரவக்கூடும். ஈரம் ஏறிப் பூசணம் பிடித்த தானியத்தில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை இருக்கும். காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களுக்கு அக்குழிக்குள்ளேயே அது குடிபுகுந்து, இருமலில் இரத்தம் காணச் செய்வதும் உண்டு.

இனி, முன்னே எழுந்த கேள்விக்கு விடை கூறுவேன். மிகையுணர்வு அழற்சி உங்களுக்கு உண்டு என்றும், அதற்குக் காரணம் பறவை என்றும் மருத்துவர் உறுதி செய்துவிட்டால், உணவிடுவதை நிறுத்தத்தான் வேண்டும். முகக்கவசம் அணிந்துகொள்கிறேன், வாரம் ஒருமுறை மட்டும் செய்கிறேன் என்ற சமாதானங்கள் இங்கே செல்லா. இந்நோய்க்கு முதல் மருந்து, காரணத்தை விட்டு விலகுவதே. மற்ற மருந்துகள் அதற்குப் பின்னரே. வீட்டில் வேறொருவர் உணவிடுவதும் கூடாது. ஏனெனில் தூசி அறையிலேயே தங்கும். பறவைகள் சென்ற பின்னும் விரிப்பு, திரைச்சீலை, மெத்தை ஆகியவற்றில் அப்புரதங்கள் மாதக் கணக்கில் இருப்பதுண்டு. ஆகவே அவற்றை நன்றாகத் துவைக்கவேண்டும்; பறவை இறகு அடைத்த தலையணையும் போர்வையும் வீட்டில் இருந்தால் அவற்றையும் அகற்றவேண்டும்.

ஆஸ்துமா அல்லது நுரையீரல் அடைப்பு நோய் உடையவர்கள், காசநோய் ஆறியவர்கள், பறவையால் ஒவ்வாமை இல்லையென்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்களாயின், சில ஒழுங்குகளைக் கைக்கொண்டு இந்த அறத்தைத் தொடரலாம். அவ்வொழுங்குகளை வரிசையாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, இடம். உணவுத் தட்டைச் சாளரத்தின் விளிம்பிலோ, படுக்கையறையை ஒட்டிய மாடத்திலோ வைக்கவேண்டாம். கூலருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் அருகில் வைக்கவே கூடாது. மொட்டைமாடியின் மூலையிலோ, தோட்டத்து மரக்கிளையிலோ, வீட்டிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி அமைப்பது நலம். அங்கிருந்து வீட்டை நோக்கிக் காற்று வீசாத திசையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விருந்தினர் யார் என்பது. திறந்த தட்டில் தானியத்தைக் குவித்தால் புறாக்களே கூட்டமாக வந்து நிறையும்; சிட்டுக்குருவிக்கு இடமிராது. தானியக் கலத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலைக் கூடு ஒன்று அமைத்தால், குருவி நுழையும், புறா நுழையாது. தூசியும் எச்சமும் பெரிதும் குறைந்துவிடும். சிட்டுக்குருவியை 2012-ஆம் ஆண்டிலே தில்லி தன் மாநிலப் பறவையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு நாம் செய்யும் உதவியும் இதுவேயாகும்.

மூன்றாவது, அளவு. அன்றன்றைக்கு வேண்டிய தானியத்தை மட்டும் வையுங்கள். மாலையில் மிஞ்சியிருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள். மீந்த தானியம் எலியை அழைக்கும். மழைக்காலமாயின் பூசணம் பிடிக்கும். சமைத்த சோறும் ரொட்டியும் விரைவில் புளித்துக் கெடும். நொய்யரிசி, கம்பு, தினை முதலியவற்றை ஈரம் படாத தகர டப்பாவில் மூடி வைக்கவேண்டும். முடைநாற்றம் வீசும் தானியத்தைப் புடைத்துப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ வேண்டாம். அப்படியே கட்டி எறிந்துவிடுங்கள். மூச்சு நோயுள்ளவர் பறவைத் தானியத்தைப் புடைக்கும் வேலையையே ஏற்கலாகாது.

நான்காவது, தண்ணீர். கோடையில் பறவைக்குத் தானியத்தைவிடத் தண்ணீரே பெரிய கொடை. மண்சட்டி பார்வைக்கு அழகுதான். ஆனால் அதன் நுண்துளைகளில் அழுக்கு ஊறிவிடும். எவர்சில்வர் அல்லது பீங்கான் கிண்ணம் கழுவுவதற்கு எளிது. தண்ணீரை நாள்தோறும் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைத் தேய்த்து நிரப்புங்கள். தேங்கிய நீரில் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு முட்டையிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

ஐந்தாவதும் முதன்மையானதும் சுத்தம் செய்யும் முறை. இதில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும். அவ்விதி யாதெனில், காய்ந்த எச்சத்தை எக்காரணம் பற்றியும் உலர்ந்தபடியே பெருக்கவோ சுரண்டவோ கூடாது. துடைப்பம் பட்டவுடன் அது தூளாகிக் காற்றில் எழும். வாயால் ஊதித் தூசி நீக்குவது அதனினும் தவறு. குழாய்நீரை வேகமாகப் பீச்சுவதும் துளிகளோடு சேர்த்துத் துகள்களைத் தெறிக்கச் செய்யும். சோப்பு கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து, கால் மணி நேரம் ஊற விடுங்கள். எச்சம் நன்றாக நனைந்து குழைந்த பிறகு, ஈரத்துணியால் அல்லது நனைத்த செய்தித்தாளால் வழித்தெடுத்து, ஒரு பையில் இட்டுக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். இவ்வேலையை வீட்டுக்குள் செய்யாமல் திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து வீசும்படி நின்று செய்யவேண்டும். சமையற்கட்டின் தொட்டியில் இந்தப் பாத்திரங்களைக் கழுவுதல் ஆகாது. இவற்றுக்கென்று தனி வாளியும் தனித் தேய்ப்பானும் இருக்கட்டும்.

தட்டையும் கலத்தையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையேனும் இவ்வாறு கழுவவேண்டும்; மழைக்காலத்தில் வாரந்தோறும் கழுவுதல் நன்று. கழுவிய பின் கிருமி நீக்குவதற்கு ஒரு பங்கு சலவைத் திரவத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊற வைத்து, பலமுறை அலசி, வெயிலில் முற்றிலும் உலர்த்துவது வழக்கம். ஆனால் சலவைத் திரவத்தின் நெடியே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடக் கூடும். ஆகையால் மூச்சு நோயுள்ளவர் அதனைத் தாமே கலக்கவேண்டாம். உலோகப் பாத்திரமாயின், சோப்பால் கழுவிக் கொதிநீர் ஊற்றினால் பெரும்பாலும் போதுமானது. சலவைத் திரவத்தோடு கழிப்பறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த பொருளையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதனால் எழும் நச்சுவாயு நல்ல நுரையீரலையே புண்ணாக்கிவிடும்.

முகக்கவசத்தைப் பற்றி ஒரு சொல். கைக்குட்டையும் துணிக் கவசமும் நுண்துகளைத் தடுக்கமாட்டா. என்-95 என்னும் வகை, மூன்றில் ஒரு பங்கு மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 95-ஐத் தடுக்க வல்லது. ஆனால் முகத்தோடு இறுகப் பொருந்தினால்தான் அந்தப் பயன் கிட்டும். அடர்ந்த தாடி இருந்தால் இடுக்கு வழியே காற்று புகுந்துவிடும். மூச்சு ஏற்கெனவே குறைந்தவர்களுக்கு இக்கவசத்தின் ஊடே மூச்சிழுப்பது கடினமாகவும் இருக்கும். அத்தகையோர் மருத்துவரைக் கேட்காமல் அதனை அணிந்து உழைக்கவேண்டாம். சுத்தம் செய்யும் பொறுப்பை இளையோரிடம் ஒப்படைப்பதே தக்கது. வேலை முடிந்ததும் உடுத்திய துணியைத் துவைக்கப் போட்டு, சோப்பால் கை கழுவிக் குளித்துவிடவேண்டும்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்கவேண்டும். "எனக்கு ஆகாது, வேலைக்கார அம்மாள் பெருக்கட்டும்" என்று எத்தனையோ வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள். அந்த அம்மாளுக்கும் நுரையீரல் உண்டு. அவர் நாள்தோறும் ஐந்தாறு வீடுகளின் மாடங்களைப் பெருக்குகிறவர். அவர் சுவாசிக்கும் தூசி நம்மினும் பன்மடங்கு. நனைத்துத் துடைக்கும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்து, கவசமும் கையுறையும் நாமே வாங்கித் தரவேண்டும். பறவைக்குக் காட்டும் இரக்கம் மனிதரிடம் வரும்போது குறைந்துவிடலாகாது அல்லவா?

மாடத்திலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்திலும் புறா கூடு கட்டாமல் முன்னதாகவே வலை அடித்துவிடுவது நன்று. புறா ஒரு முறைக்கு இரண்டு முட்டையே இடும். ஆனால் ஆண்டில் பலமுறை இடும். முட்டையும் குஞ்சும் வந்த பிறகு கலைப்பதற்கு மனம் துணிவதில்லை. அதற்குள் எச்சமும் சேர்ந்துவிடுகிறது. வீட்டருகே பறவைகள் காரணமின்றி இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம். 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் கோழிகளிடமும், 2021 தொடக்கத்தில் பல மாநிலங்களில் காகங்களிடமும் பறவைக் காய்ச்சல் கண்டதை நினைவிற்கொண்டு, கால்நடைத் துறையினருக்கு அறிவித்துவிட்டு, உணவிடுவதையும் சில வாரங்கள் நிறுத்தி வைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் கடைப்பிடித்தாலும் உடலைக் கவனித்து வரவேண்டும். தட்டைக் கழுவிய நாளின் மாலையில் காய்ச்சலும் இருமலும் காண்கின்றனவா? வெளியூர் சென்று பத்து நாள் தங்கினால் மூச்சு இலேசாகி, வீடு திரும்பியதும் மறுபடி கனக்கிறதா? இவற்றைத் தேதியிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது, "எங்கள் வீட்டில் பறவைக்கு உணவிடுகிறோம், சாளரத்தில் புறாக்கள் தங்குகின்றன" என்று அவர் கேளாமலே சொல்லுங்கள். நம் நாட்டில் நெடுநாள் இருமலென்றால் காசநோயை முதலில் ஐயுறுவது இயல்பு. இந்தச் சிறு செய்தியைச் சொல்லாமல் விட்டதனால் சரியான நோய் தெரியாமல் மாதங்கள் கழிந்துவிடுவதுண்டு.

இது தனிவீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. 2025 ஜூலையில் மும்பையிலுள்ள 51 கபூதர்கானாக்களையும் மூடும்படி மகாராஷ்டிர அரசு மாநகராட்சிக்குக் கூறியது. அடுத்த மாதம் தாதரிலுள்ள கபூதர்கானாவைத் தார்ப்பாயால் மூடியபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஒருசாரார் உயிரிரக்கத்தைப் பேசினர். மற்றொரு சாரார் மூச்சுத் திணறும் அண்டை வீட்டாரைப் பற்றிப் பேசினர். இரண்டு பக்கத்திலும் இருப்பது உயிரின் மேல் கொண்ட அக்கறையே. ஒருவர் இடும் தானியம் மற்றொருவரின் சாளரத்தில் தூசியாகச் சென்று சேராதபடி இடத்தையும் அளவையும் வகுத்துக்கொள்வது அறத்துக்குக் குறையாகாது. அறத்தை நிறைவாக்குவதே ஆகும்.

இறுதியாக, உணவிடுவதை நிறுத்தியே தீரவேண்டும் என்ற நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு சொல். பறவையோடு உறவு கொள்ளத் தானியம் ஒன்றே வழியன்று. 1941-இல் இந்தியப் பறவைகளைப் பற்றித் தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட சாலிம் அலி, தம் நெடிய வாழ்நாளைப் பறவைகளைக் கூர்ந்து காண்பதிலே செலவிட்டார். மூடிய கண்ணாடிச் சாளரத்தின் அருகே ஒரு நாற்காலி, ஒரு தொலைநோக்காடி, ஒரு குறிப்பேடு இருந்தால் போதும். தெருவோரத்து வேம்பில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, எப்போது கூடு கட்டுகிறது என்று எழுதி வரலாம். வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் ஒரு செம்பருத்தியை நட்டுவைத்தால் தேன்சிட்டு வரும். அதற்கு நாம் தானியம் இடவும் வேண்டாம், தட்டுக் கழுவவும் வேண்டாம். கையால் இட்ட உணவைக் கொத்தும் நெருக்கம் அதில் இல்லைதான். ஆனால் மறு ஆண்டும் அதற்கு மறு ஆண்டும் அந்தத் தேன்சிட்டைக் காண்பதற்கு வேண்டிய மூச்சு நம்மிடம் இருக்கும்.